சிறை மீண்டோரும் தமிழ்ப் புனைகதையும்

குற்றத்திற்குத் தண்டனை உண்டு. தண்டனைக்கு ஓர் எல்லையும் உண்டு. நீதிமன்றம் ஆண்டையும் திங்களையும் எண்ணித் தீர்ப்பு வழங்குகிறது. குறித்த நாள் வந்ததும் சிறையதிகாரி கதவைத் திறந்துவிடுகிறார். ஆயினும் அக்கதவுக்கு வெளியே தொடங்கும் தண்டனைக்கு எவரும் நாள் குறிப்பதில்லை. வேலை கேட்டுச் செல்லும் இடத்தில் நீட்டப்படும் தாளில் ஒரு கேள்வி இருக்கிறது: இதற்கு முன் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? உண்டு என்று எழுதினால் வேலை இல்லை. இல்லை என்று எழுதினால் பொய்யுரைத்த பழி பின்னொரு நாள் வந்து சேரும். இவ்விரண்டுக்கும் நடுவே பேனாவைப் பிடித்தவாறு அமர்ந்திருக்கும் மனிதனின் நிலை எவருடைய நெஞ்சையும் தொடக்கூடியது.

பேராக் மாநிலத்திற்கு இது தொலைவான செய்தியன்று. தைப்பிங் சிறைச்சாலை 1879-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. நாட்டின் மிகப் பழைய சிறைகளுள் அதுவும் ஒன்று. பத்து காஜாவிலும் தாப்பாவிலும் சிறைகள் உள்ளன. கமுந்திங் தடுப்பு முகாமின் பெயரை அறியாதார் இலர். இவற்றின் கதவுகள் வழியே வெளிவந்தோரில் தமிழரும் உளர். அவர்கள் ஈப்போவின் தெருக்களுக்கும், முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த குடியிருப்புகளுக்கும் திரும்புகின்றனர். திரும்பியவர்க்கு வேலை கிடைத்ததா என்பதைச் சமுதாயம் கேட்டதோ இல்லையோ, இலக்கியம் கேட்டிருக்க வேண்டும். தமிழ்ப் படைப்புகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை இக்கேள்வியை எந்த அளவுக்குக் கேட்டன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியம் திறந்த கதவு

சிறைப்பட்டோரைப் பரிவோடு நோக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. சாத்தனார் பாடிய மணிமேகலையில் ஒரு காதைக்கே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று பெயர். புகார் நகரத்துச் சிறையில் பசியால் வாடுவோரைக் கண்ட மணிமேகலை, அமுதசுரபியைக் கையிலேந்தி உள்ளே சென்று உணவளிக்கிறாள். செய்தி மன்னனுக்கு எட்டுகிறது. அவளை வரவழைத்து, வேண்டுவது யாது என்று அவன் வினவுகிறான். பொன்னையும் மணியையும் அவள் கேட்கவில்லை; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்கிறாள். மன்னனும் அவ்வாறே செய்கிறான்.

உலக இலக்கியத்தில் இத்தகைய வேண்டுகோள் அரிது. ஒரு கைதியை விடுவிக்குமாறு கேட்ட கதைகள் பல உண்டு. சிறை என்ற அமைப்பையே மாற்றுமாறு ஓர் இளம்பெண் அரசனிடம் கேட்டதாகப் பாடிய பெருமை தமிழுக்குரியது. சிறையைத் திறக்கச் செய்த அம்மணிமேகலையே பின்னர்ச் சிறைப்படுகிறாள். உதயகுமரன் கொலையுண்ட பிறகு அவளைச் சிறையிலிடுவதும் மீட்பதும் அடுத்தடுத்த காதைகளில் கூறப்படுகின்றன. அறம் செய்தவர்க்கும் சிறை நேரலாம் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை.

ஆனால், சிறை அறக்கோட்டமான பிறகு அங்கிருந்தோர் எங்கே சென்றனர்? எந்தத் தொழிலைச் செய்து உண்டனர்? காப்பியத்தின் பார்வை அவர்களைத் தொடர்ந்து செல்லவில்லை. அறநெறியும் துறவும் அதன் குறிக்கோள். ஆதலின் இதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது. அமுதசுரபி வற்றாத பாத்திரம். அது இருக்கும்வரை கூலியைப் பற்றிய கவலை எழ வேண்டியதில்லை. அப்பாத்திரம் இல்லாத காலத்தில் வாழ்வோர்க்கோ, கதவு திறந்த மறுநாள் காலையிலேயே சோற்றுக்கான வழி எது என்ற கேள்வி எழுகிறது.

மஞ்சள் சீட்டும் பாதிக் கூலியும்

அக்கேள்வியை நேருக்கு நேர் கேட்டவர் பிரெஞ்சு நாட்டு விக்டர் ஹியூகோ. 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பெரும் புதினத்தைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்னும் பெயரில் தமிழாக்கினார். அதன் தலைவன் ழான் வால்ழான் ரொட்டி திருடியதற்காகச் சிறை புகுந்தவன். தப்பியோட முயன்றதற்கான தண்டனைகளும் சேர்ந்து 19 ஆண்டுகள் சிறையில் கழித்தவன். 1815-இல் வெளிவந்தபோது அவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுக்கிறார்கள். சென்ற ஊரிலெல்லாம் அதனைக் காட்ட வேண்டும். அவன் யார் என்பதை அவன் வாய் திறப்பதற்கு முன்னரே அச்சீட்டு சொல்லிவிடும்.

பாதிரியார் வீட்டு வெள்ளித் தட்டுகளும் விளக்குத் தண்டுகளும் அனைவரும் அறிந்த காட்சி. அதற்கு முன்னர் வரும் சிறு நிகழ்ச்சி ஒன்றைப் பலரும் கவனியாது கடந்துவிடுகின்றனர். விடுதலையான மறுநாள், கிராஸ் என்னும் ஊரில் மலர்நீர் வடிக்கும் ஆலையின் முன் மூட்டை இறக்கும் வேலை நடக்கிறது. அவசர வேலை, ஆள் தேவை. வால்ழான் சேர்ந்துகொள்கிறான். வலிமையும் திறமையும் உடையவன், முதலாளிக்கும் மனநிறைவு. நடுவில் அவ்வழியே வந்த காவலன் ஒருவன் சீட்டைக் கேட்கிறான், வால்ழான் காட்டுகிறான், மீண்டும் வேலையில் இறங்குகிறான். மற்றக் கூலியாட்களுக்கு நாளுக்கு 30 சூ என்று முன்னமே கேட்டு அறிந்திருந்தான். மாலையில் அவனுக்குக் கிடைத்ததோ 15 சூ. கேட்டதற்கு, உனக்கு இது போதும் என்ற பொருள்பட விடை வருகிறது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் ஹியூகோ சொல்லிவிட்டது மிகுதி. வேலை மறுக்கப்படுவது ஒரு துன்பம். வேலையைக் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைப்பது மற்றொரு துன்பம். முறையிட எங்கும் செல்ல முடியாதவன் என்று தெரிந்த பிறகு அவன் உழைப்பின் விலை பாதியாகிறது. சிறையில் உழைத்துச் சேர்த்த தொகையும் அவ்வாறே குறைந்தது. 171 பிராங்கு வரவேண்டும் என்று அவன் கணக்கிட்டிருந்தான். கைக்கு வந்தது 109 பிராங்கும் 15 சூவும். இவ்வாறு பணத்தைச் சில்லறைவரை எண்ணிக் காட்டும் ஆசிரியரை, வெறும் இரக்கத்தைப் பாடியவர் என்று ஒதுக்குதல் இயலாது.

மேலும் நுட்பமான செய்தி பின்னர் வருகிறது. அதே வால்ழான் வேறோர் ஊரில் தொழிலதிபராகவும் நகரத் தலைவராகவும் உயர்கிறான். அஃது எவ்வாறு இயன்றது? அவன் அவ்வூருக்குள் நுழைந்த நாளில் தீப்பற்றியது. காவல்படைத் தலைவரின் குழந்தைகள் இருவரை அவன் நெருப்பிலிருந்து மீட்டான். அதனால் அவனிடம் சீட்டைக் கேட்க மறந்துவிட்டார்கள். திறமையும் நற்குணமும் முன்னாளில் இல்லாதவை என்று கூற இயலாது. மஞ்சள் சீட்டு கேட்கப்படாத ஒரே ஊரில் அவை பயன்பட்டன. ஆயினும் அவனுடைய தொழிற்சாலையிலேயே பாந்தீன் என்னும் ஏழைப்பெண், அவளுக்குக் குழந்தை உண்டு என்று அறிந்த மேற்பார்வைப் பெண்ணால் வேலை நீக்கப்படுகிறாள். முதலாளிக்கே அது தெரியாது. பழைய வாழ்வை மறைத்து உயர்ந்தவனின் வாயிலிலும் ஒருத்தியின் பழைய வாழ்வு துருவப்படுகிறது. முதலாளி நல்லவராயிருத்தல் மட்டும் போதாது. ஆள் எடுக்கும் இடத்திலும் நீக்கும் இடத்திலும் யார் அமர்ந்திருக்கிறார் என்பதும் முதன்மையானது என்று இப்பகுதி காட்டுகிறது.

இப்புதினம் 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில், நாகையா நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. அதில் துரத்தும் காவலதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன் பிறகு 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். ஒரு படத்தில் ஏற்ற வேடம் ஒருவரின் பெயரோடு வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது புகழாயிற்று. ஒரு நாளில் செய்த குற்றம் பெயரோடு ஒட்டிக்கொண்டவர்க்கோ அதுவே சுமையாகிறது. தமிழ் மக்கள் ஜாவரை நினைவில் வைத்தனர்; கிராஸ் ஊரின் பாதிக் கூலியை மறந்தனர்.

கள்வனும் கைவிலங்கும்

தமிழ்ப் புதினங்களுள் 'கள்வனின் காதலி' இங்கே எண்ணத்தக்கது. கல்கி 1937-இல் ஆனந்த விகடனில் எழுதிய கதை அது, 1955-இல் திரைப்படமாயிற்று. முத்தையன் பிறவிக் கள்வனல்லன். தங்கையைக் காக்க முற்பட்டதன் விளைவாக மடத்துக் காரியக்காரரின் பகைக்கு ஆளாகிறான், செய்யாத திருட்டுப் பழி அவன்மீது விழுகிறது, காவலிலிருந்து தப்புகிறான், பின்னர் மெய்யாகவே கள்வனாகிறான். பொய்க் குற்றச்சாட்டு எவ்வாறு உண்மைக் குற்றத்தைப் பெற்றெடுக்கிறது என்பதைக் கல்கி தெளிவாகக் காட்டியுள்ளார். ஆனால், மீண்டு வந்து உழைத்து வாழும் வாய்ப்பைக் கதை அவனுக்கு வழங்கவில்லை. சாவே முடிவாகிறது. வாசகர் கண்ணீர் விடுகின்றனர்; அத்தோடு கடமை தீர்ந்ததாகக் கருதுகின்றனர்.

செயகாந்தனின் 'கைவிலங்கு' சிறைக்குள்ளேயே நிகழ்வது. அதுவே 1969-இல் எஸ்.வி. சுப்பையாவின் 'காவல் தெய்வம்' என்னும் படமாயிற்று. கைதியும் மனிதன் என்பதைச் சிறையதிகாரியின் அன்பு நெஞ்சத்தின் வழியே உணர்த்தும் படைப்பு அது. அதன் சிறப்பை எவரும் மறுக்கார். ஆயினும் அதன் கருணை மதிலுக்குள் நிகழும் கருணை. மதிலுக்கு வெளியே, கூலி கொடுப்பவனும் கூலி கேட்பவனும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் அக்கருணைக்கு என்ன நேரும் என்பதை ஆராய்வது அக்கதையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவற்றால் ஒன்று புலப்படுகிறது. குற்றத்திற்குள் செல்லும் வழியைத் தமிழ்ப் புனைகதை நன்றாக அறிந்திருக்கிறது. சிறைக்குள் இருக்கும் நெஞ்சையும் அறிந்திருக்கிறது. மீளும் வழியில்தான் அதன் நடை தளர்கிறது. திருமணமோ, துறவோ, சாவோ வந்து கதையை முடித்துவிடுகின்றன. ஒரு மாதச் சம்பளம் வந்து முடித்த கதை காண்பதற்கரிது.

வ.உ.சி. வாழ்வு தரும் பாடம்

கதையில் காண்பதற்கரியது தமிழர் வரலாற்றில் கண்முன் நிற்கிறது. கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1908-இல் அரச நிந்தனைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912-ஆம் ஆண்டு இறுதியில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தார். அவர் சிறையில் செக்கிழுத்ததைச் சிறுவரும் அறிவர். வெளிவந்த பிறகு அவர் பட்டதை அறிந்தவர் குறைவு. தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. நீதிமன்றத்தில் வாதாடுவதே அவர் கற்ற தொழில், அக்கதவு அடைபட்டது. கப்பல் நிறுவனம் நடத்தியவர், சென்னையிலும் கோவையிலும் குடும்பத்தைக் காப்பாற்றச் சிறு வணிகமும் பிற வேலைகளும் செய்து அல்லலுற்றார். சிறைநாள்களில் உருவான 'மெய்யறம்' 1914-இல் நூலாயிற்று. நூல் வந்ததால் வறுமை தீரவில்லை.

அவருக்கு மீண்டும் தொழிலைத் தந்தது எது? ஊர்வலமன்று, பாராட்டுக் கூட்டமுமன்று. வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதி உரிமத்தை மீட்டுத் தந்தார். பிள்ளையவர்கள் கோவிற்பட்டியில் மீண்டும் வழக்கறிஞரானார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், தம் பிழைப்பைத் திருப்பித் தந்த ஆங்கிலேயரின் பெயரைத் தம் குழந்தைக்கு வைத்தார் என்றால், வேலை என்பது ஒரு மனிதனுக்கு எத்துணைப் பெரிது என்பதை அளந்து பார்க்கலாம். இதனை விரிக்கத் தக்க புதினம் ஒன்று இன்னும் காத்துக்கிடக்கிறது.

நாட்டுக்காகச் சிறை சென்றதும் திருட்டுக்காகச் சிறை சென்றதும் ஒன்றாகா என்று சிலர் மறுக்கலாம். அறத்தின் முன் அவை ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால், உரிமத்தை நீக்கிய தாள் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. கல்வியும் புகழும் உடைய பெருமகனுக்கே அந்நிலை நேர்ந்ததென்றால், இந்நாட்டில் பால்மரம் வெட்டியவரின் மகனுக்கு நேர்வதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெரட்டுக் களமும் விண்ணப்பத் தாளும்

மலாயாத் தமிழரின் வேலை வரலாற்றிலேயே குற்றம் என்னும் சொல் ஒரு தனி இடம் பெறுகிறது. ஒப்பந்தக் கூலி முறை நிலவிய காலத்தில் தோட்டத்தைவிட்டு ஓடுவதே தண்டனைக்குரிய குற்றம். ஓடிப் பிடிபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறையிலிட்டனர். அம்முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. வேலையைவிட்டு நீங்கியதற்காகச் சிறை கண்டவர்களும் இச்சமுதாயத்தின் முன்னோருள் உண்டு. 'உள்ளே போய் வந்தவன்' என்று ஒருவனை எளிதில் ஒதுக்கும் நாக்கு இதனை நினைவிற்கொள்ளல் நலம்.

பின்னர், 1948-ஆம் ஆண்டு சூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டனர்; அவசரகாலம் வந்தது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் முறை வந்தது. அடையாள அட்டையும் அவ்வாண்டிலேயே வந்தது. 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்படும்வரை நீடித்தது. குற்றவாளிகளையும் விரும்பத்தகாதோரையும் பதிவு செய்யும் சட்டம் 1969-இல் பிறந்தது. தடுத்துவைக்கப்பட்டவர், குற்றஞ்சாட்டப்பட்டவர், தண்டிக்கப்பட்டவர் என்னும் மூவரும் சட்டத்தில் வேறு வேறானவர். ஊர்ப் பேச்சில் மூவருக்கும் ஒரே பெயர். எழுத்தாளராவது இம்மூவரையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

தோட்ட வாழ்வில் வேலைக்கு ஆள் எடுக்கும் முறை வேறாக இருந்தது. விடியற்காலையில் பெரட்டு நடக்கும். தண்டல் பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோலில் குறிப்பார். அந்த ஏடு கேட்ட கேள்வி, இன்று வந்தாயா என்பதே. ஒருவனைப் பற்றிய பழைய செய்தி தாளில் இல்லை. லயத்து மக்களின் மனத்தில் இருந்தது. மனத்தில் இருப்பது மாறக்கூடியது. தாய்மாமன் பொறுப்பேற்கலாம், அண்ணன் தன் நிரைக்குத் துணையாக அழைத்துச் செல்லலாம், கோயில் திருவிழாவில் ஓடியாடி உழைத்தவனைப் பார்த்து ஊர் மெல்ல மனமிளகலாம். அதனால் தோட்டத்தைப் பொற்காலமாக்கிப் பாடுதல் தவறு. அங்கே வேலையும் வீடும் ஒரே முடிச்சு. துரையின் சினத்திற்கு ஆளானவன் ஒரே நாளில் இரண்டையும் இழந்தான். எனினும், பழி சுமந்தவனைக் கண்ணால் கண்டு முடிவுசெய்யும் மனிதர்கள் அங்கே இருந்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போயின. மக்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் பெயர்ந்தனர். தொழிற்சாலை, பாதுகாவலர் நிறுவனம், பேரங்காடி, பொருள் ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஆகியவையே இனி வேலை தருவன. அங்கே ஆளை அறிந்த தண்டல் இல்லை. தாளை அறிந்த எழுத்தர் இருக்கிறார். அவர் கொடியவரல்லர். மேலதிகாரி கொடுத்த படிவத்தை அவர் நிரப்பச் சொல்கிறார், அவ்வளவே. மன்னிக்க வேண்டுமென்றாலும் மன்னிப்பதற்குரிய கட்டம் அப்படிவத்தில் இல்லை. புந்தோங்கில் குடும்பத் தொழிலாக நடைபெறும் கச்சாங் பூத்தே வணிகம் போன்ற சிறு தொழில்களில் இன்றும் முகம் பார்த்து ஆள் சேர்க்கலாம். அத்தகைய இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, கூலியும் குறைவு.

ஒப்பிட்டு நோக்க ஒரு செய்தி. ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையோ, 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்று, மன்னிப்புப் பெறாதவர் நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியை இழப்பார் என்று மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 48-ஆம் பிரிவு கூறுகிறது. சிறை சென்றவர் விடுதலையான நாளிலிருந்து 5 ஆண்டுகள் கழிந்ததும் அத்தடை தானே நீங்கும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் பதவிக்கே கறை நீங்கும் நாள் உண்டு. மூட்டை தூக்கும் வேலைக்கு நீட்டப்படும் படிவத்தில் அத்தகைய நாள் எதுவும் காணப்படுவதில்லை. பிரிட்டன் 1974-இலும் சிங்கப்பூர் 2005-இலும் சிறு தண்டனைகள் குறித்த காலத்திற்குப் பின் கழிந்தனவாகக் கருதப்படச் சட்டம் செய்தன. சிங்கப்பூரில் 2004-இல் தொடங்கிய இயக்கத்திற்கு மஞ்சள் நாடா என்று பெயர். வால்ழானை விரட்டிய சீட்டும் மஞ்சள். மீண்டவனை வரவேற்கும் நாடாவும் மஞ்சள். நிறத்தில் ஒன்றுமில்லை, அதனை நீட்டும் கையில்தான் வேறுபாடு.

'ஜகாட்' நிறுத்திய இடம்

மலேசியத் தமிழர் வாழ்வை நேர்மையோடு காட்டிய படைப்புகளுள் ஒன்று, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் திரைக்கு வந்த 'ஜகாட்'. 2016-இல் நடைபெற்ற 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கெட்டவன் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் அவ்வாறு திரிந்தது. தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பம், 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கம், அப்போய் என்னும் சிறுவன், குண்டர் கூட்டத்தில் சிக்கிய உறவினன் ஒருவன், போதையிலிருந்து மீள முயலும் மற்றொருவன் என அமைந்த கதை அது. பெயரே ஒரு பதிவேட்டின் சொல்லைப் போன்றது. ஒரு சிறுவனைக் கெட்டவன் என்று திரும்பத் திரும்ப அழைத்தால் அவன் அச்சொல்லை நோக்கி நடப்பான் என்பதைப் படம் உரத்த குரலின்றி உணர்த்துகிறது.

பள்ளிகளும் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும். மாணவன் விலகும்போது கொடுக்கப்படும் சான்றிதழில் நடத்தை என்றொரு கட்டம் உண்டு. ஒரு மனிதனைப் பற்றி இவ்வுலகம் எழுதும் முதற்பதிவு அதுவே. பன்னிரண்டு வயதில் செய்த குறும்பை அங்கே எழுதும் கை, இருபத்திரண்டாம் வயதில் அவன் நிற்கப்போகும் வாயிலையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆயினும் 'ஜகாட்' சொல்ல எடுத்துக்கொண்டதும் உள்ளே செல்லும் வழியையே. அதில் அது வெற்றி பெற்றது. மற்றப் பாதியை அப்படத்திடமே கேட்பது முறையன்று. அதற்குப் பின்வரும் எழுத்தாளரிடம் கேட்கலாம்.

எழுதப்பட வேண்டிய கதை

இத்தகைய கதையை எழுத முன்வருவோர் சிலவற்றை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, நல்ல மனம் படைத்த முதலாளி ஒருவர் இறுதியில் தோன்றி வேலை கொடுப்பதாக முடிக்கும் எளிய வழியைத் தவிர்க்க வேண்டும். அத்தகையோர் உலகில் இல்லாமல் இல்லை. ஆனால், அவர் வரும்வரை என்ன நடந்தது என்பதே கதை.

இரண்டாவது, வேலை கொடுக்கத் தயங்குபவனின் அச்சத்தையும் மதித்து எழுத வேண்டும். இரண்டு லாரிகளை வைத்துப் பிழைக்கும் சிறு குத்தகையாளர் சரக்கு காணாமற்போனால் கடனில் மூழ்குவார். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. அவரை அரக்கராக்கிவிட்டால் வாசகன் தன்னை அவரிடத்தில் வைத்துப் பார்க்கமாட்டான். தன்னை வைத்துப் பாராத வாசகன் திருந்தவும் மாட்டான்.

மூன்றாவது, குற்றத்தால் துன்புற்றவரை மறத்தலாகாது. தாலிக்கொடியைப் பறிகொடுத்த பெண்ணும், அடிபட்டுக் கை ஊனமுற்ற மனிதரும் அதே ஊரில் வாழ்கின்றனர். மீண்டவன் வேலைக்குச் செல்லும் பேருந்தில் அவர்களும் வரலாம். அவர்களின் வலியை மறைத்து எழுதப்படும் இரக்கம் ஊருக்கு உறைக்காது. மீண்டவன் உழைத்து உண்பது அவர்களுக்கும் நன்மையே. வேலையற்றவன் மீண்டும் பழைய கூட்டத்தை நாடினால் அடுத்துப் பறிபோவது இன்னொருத்தியின் தாலிக்கொடி.

நான்காவது, கணக்கு வேண்டும். ஹியூகோ 30 சூவையும் 15 சூவையும் எண்ணியதைப் போல், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம், கடன் வாங்கிய சட்டை, முதல் சம்பளம் வரும்வரை மளிகைக் கடையில் ஏறும் தொகை ஆகியவற்றை எழுத்தாளர் அறிந்து எழுத வேண்டும். விடுதலையான அன்று நெஞ்சில் எழும் உணர்ச்சியை எழுதுவோர் பலர். நாற்பதாம் நாள் காலையில், இன்றும் வேலையில்லை என்று வீட்டாரிடம் சொல்லத் தயங்கி, வேலைக்குச் செல்பவனைப் போலவே புறப்பட்டுச் சென்று கடைத்தெருவில் அமர்ந்திருப்பவனை எழுதுவோரே தேவை.

இலக்கியம் வேலைவாய்ப்பு அலுவலகமா என்று வினவுவோர் உண்டு. அன்று என்பதே விடை. ஆனால், வேலை கொடுப்பவரும் கதை படிப்பவரே. தோட்டம் இருந்த காலத்தில் லயத்து மக்கள் செய்த ஒரு பணியை இன்று செய்ய ஆளில்லை. இவன் இன்னாருடைய மகன். இன்ன தவறு செய்தான். இன்ன தண்டனை அனுபவித்தான். இப்போது இவ்வாறு இருக்கிறான் என்று முழுமையாகச் சொல்லும் பணி அது. படிவம் இவற்றுள் ஒன்றை மட்டுமே சொல்கிறது. மற்ற மூன்றையும் சொல்வதற்குக் கதைக்கு ஆற்றலுண்டு.

நிறைவாக

மணிமேகலை சிறைக்கதவைத் திறக்கச் செய்தாள். கல்கியும் செயகாந்தனும் குற்றவாளியின் நெஞ்சைத் திறந்து காட்டினர். வ.உ.சி.யின் வாழ்வு, விடுதலைக்குப் பின்னும் நீளும் தண்டனையை வரலாறாக நமக்கு விட்டுச்சென்றது. எஞ்சியிருப்பது ஒரு கதவு. அது தொழிற்சாலையின் வாயில். தைப்பிங்கையும் பத்து காஜாவையும் தன் மண்ணில் கொண்ட பேராக்கிலிருந்தே அக்கதவைப் பற்றிய நல்ல தமிழ்ப் புதினம் பிறத்தல் பொருத்தமாகும். அதனை எழுதப் புகுவோர் தீர்ப்பு நாளிலிருந்து தொடங்க வேண்டா. விடுதலை நாளிலிருந்தும் தொடங்க வேண்டா. பேனாவைப் பிடித்தவாறு படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் அம்மனிதனிடமிருந்து தொடங்கி, அவன் முதல் மாதச் சம்பளத்தைத் தாயின் கையில் கொடுக்கும்வரை உடன் செல்லட்டும். வழியில் அவன் தவறி விழுந்தால் அதையும் எழுதட்டும். அவ்வாறு உடன் செல்லும் எழுத்தே இச்சமுதாயம் தன் பிள்ளைகளுள் சிலரை இழந்துவிடாமல் காக்கத் துணைபுரியும்.